பச்சைத் தோள்

மார்கழி மாதத்தில் பொதட்டூர்பேட்டையில் சேவலுக்கு முன்னால் தறி கூவிவிடும். ஒரு வீட்டில் விசைத்தறி தடதடக்கும். நாலு வீடு தள்ளி, இன்னும் விட மனம் வராத யாரோ ஒருவர் கைத்தறியில் நாடாவை இழுப்பது ‘டக்... டக்...’ என்று தனியாகக் கேட்கும். அந்தச் சத்தங்களுக்கெல்லாம் பின்னால், எதிர்வீட்டு அத்தையின் புழக்கடையில், துவைகல்லுக்கும் கிணற்றுக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கிற இடத்தில், தக்காளிச் செடிகள் பனியில் நனைந்து நிற்கின்றன. அத்தை ஒரு பழத்தைப் பறித்து என் உள்ளங்கையில் வைக்கிறார். அதன் மேல் இருந்த பனித்துளி என் ரேகையில் இறங்குகிறது.

“சிவப்பை அப்புறம் பாரு கண்ணு. மொதல்ல தோளைப் பாரு.”

தக்காளிக்குத் தோள் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் பள்ளம். பள்ளத்தின் விளிம்பிலிருந்து வட்டமாக எழுந்து வளைந்து இறங்கும் ஒரு மேடு. அந்த மேட்டில் ஆழ்ந்த பச்சை. சற்றுக் கீழே பச்சை கரைந்து எலுமிச்சை மஞ்சளாகிறது, மஞ்சள் சிவந்து குங்குமப்பூ நிறமாகிறது, அதற்கும் கீழே பழம் முழுக்கச் செம்மை. ஒரு நிறம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் கூடுகிற இடத்தில்தான் நெய்தவரின் கை தெரியும் என்பார்கள் இந்த ஊரில். இந்தப் பழத்தின் கரையை நெய்த கை எதுவோ, அது நிதானமான கை.

பழத்தை முழுதாகப் பார்க்குமுன் அதன் பெயரை ஒருமுறை வாயில் உருட்டிப் பாருங்கள். தக்காளி. எவ்வளவு கனிந்த சொல்! ‘தக்’ என்று அழுத்தி, ‘கா’ என்று திறந்து, ‘ளி’ என்று நாக்கு மடிந்து நழுவுகிறது. ஆண்டீஸ் மலைச் சாரலில் காட்டுச் செடியாகத் தோன்றி, மெக்சிகோவில் வீட்டுச் செடியாகி, கடல் கடந்து வந்த இந்தக் கனிக்கு அங்கிருந்த பெயரையே ஐரோப்பியர் எடுத்துக்கொண்டார்கள். தமிழோ தன்னிடம் ஏற்கெனவே இருந்த பெயரைக் கொடுத்தது. வேலியோரத்தில் காகிதக் கூட்டுக்குள் ஒளிந்து பழுக்கும் சொடக்குத் தக்காளியும், கரும்பச்சை இலைக்கு நடுவே மிளகு மிளகாகக் கொத்துவிடும் மணத்தக்காளியும் இங்கே மூத்த குடிகள். புதிதாக வந்தவளைப் பார்த்தார்கள், சாயல் ஒத்திருந்தது, ‘சீமைத் தக்காளி’ என்று உறவு சொல்லி அழைத்தார்கள். சாயல் பார்த்த கண் பொய்க்கவில்லை. மூன்றும் ஒரே கத்தரிக் குடும்பம்தான். நாளடைவில் சீமை உதிர்ந்து, தக்காளி என்றாலே இவள்தான் என்றாகிவிட்டது.

*

புரட்டாசி பிறந்ததும் அத்தையின் திண்ணையில் சிறு சிறு துணி முடிச்சுகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் ஒரு ரகம். கடைத்தெருவில் தக்காளிக்கு இரண்டு மூன்று பெயர்கள் போதும்: நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி, கோயம்பேட்டுக் கணக்கில் நவீன் தக்காளி. புழக்கடைக்கு அது போதாது. அங்கே ஒவ்வொரு செடிக்கும் ஊரும் வம்சமும் தெரிந்தாக வேண்டும்.

முதல் முடிச்சு பி.கே.எம்.1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பிள்ளை. தேனிக்குப் பக்கத்திலுள்ள அன்னஞ்சியின் பெயரைத் தாங்கிய உள்ளூர் ரகத்தில் செயற்கையாகத் திடீர்மாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தேர்ந்தெடுத்தது. சற்றே தட்டையான உருண்டை. உட்கார்த்தினால் உருளாமல் உட்காரும். என் கையில் இருந்தது இதுதான். பச்சைத் தோள் இதன் குல அடையாளம். பெயரில் ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு அரசு அலுவலகக் கோப்பு மாதிரி இருக்கிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். அந்த மூன்று எழுத்துக்குள் பெரியகுளத்தின் மண் இருக்கிறது.

இரண்டாவது பையூர் 1. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. மழையை மட்டும் நம்பி மானாவாரியில் நிற்கக்கூடிய நெஞ்சுரம் இதற்கு. இதன் பெற்றோரில் ஒருவர் டெல்லி, பூசா ரூபி. மற்றவர் கோயம்புத்தூர், கோ 3. பூசா ரூபியை நீங்கள் பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். பூசணிக்கு உள்ளதுபோல மெல்லிய மடிப்புகள் மேலிருந்து கீழே இறங்கும் பழம் அது. கொசுவம் வைத்துக் கட்டிய பாவாடை போல இருக்கும். கோ 3க்கு வேளாண் பல்கலைக்கழகம் ‘மருதம்’ என்று இன்னொரு பெயரும் சூட்டியிருக்கிறது. வயலும் வயல் சார்ந்த இடமும் ஒரு குட்டைச் செடிக்குள் அடங்கிவிட்ட அழகு அந்தப் பெயரில் உண்டு. தொட்டியில் வைக்க ஏற்ற அடக்கமான உருவம். முகம் குனிந்தால்தான் பழம் தெரியும்.

மூன்றாவது முடிச்சு இல்லை, பாக்கெட். பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தந்த அர்க்கா ரக்ஷக். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்று மூன்று நோய்களையும் எதிர்த்து நிற்கும் வீரிய ஒட்டு. பெயருக்கேற்ற காவலன், வழவழப்பான, கனத்த, மறுவற்ற பழம். இதன் விதையை எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே பழம் வராது, தாத்தா பாட்டியின் குணங்கள் கலைந்து கலைந்து வரும். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் பாக்கெட்தான். “இது விருந்தாளி, மத்ததெல்லாம் வூட்டுப் புள்ளைங்க” என்பார் அத்தை. விருந்தாளிக்கும் கிணற்றோரத்தில் நல்ல இடமே கொடுப்பார்.

*

தக்காளி நாற்றை யாராவது அருகில் போய்ப் பார்த்ததுண்டா? விதைத்த ஆறேழு நாளில் மண்ணைக் கூன்முதுகால் முட்டிக்கொண்டு ஒரு வெளிர் தண்டு எழும். நிமிர்ந்ததும் இரண்டு ஒடுங்கிய வித்திலைகள் கைகூப்பிப் பிரியும். தண்டு முழுக்க வெள்ளிப் பூனைமயிர். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது ஒவ்வொரு நாற்றையும் சுற்றி ஒளிவட்டம் கட்டியதுபோல இருக்கும். அந்த மயிர்களில் சில வெறும் மயிர் இல்லை. நுனியில் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்கள் வைத்திருக்கின்றன. அவற்றை உடைத்ததும் எழுவதுதான் தக்காளிச் செடியின் வாசம்: பச்சையும் காரமும் சற்றே உலோகமும் கலந்த வாசம். அரைமணி நேரம் செடிகளுக்குள் கைவிட்டு வேலை செய்துவிட்டுக் கைகழுவினால், பச்சையும் மஞ்சளுமாய் நீர் இறங்கும். சாயப்பட்டறை கண்ட இந்த ஊர்க்காரர்களுக்கு அதிலும் ஒரு சாயம் தெரியும்.

இருபத்தைந்தாம் நாள் நாற்றைப் பிடுங்கி நடும்போது அத்தை ஒரு காரியம் செய்வார். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதியை மண்ணுக்குள் புதைத்துவிடுவார். முதல் தடவை பார்ப்பவர் பதறுவார். ஆனால் தக்காளித் தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர்விடும் வரம் பெற்றது. அடைமழை தேங்காமலிருக்க மேட்டுப் பாத்தி. நடுவில் ஒரே ஒரு செண்டுமல்லி. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி முட்டையிட வரும்போது அந்த மஞ்சள் பூ அதை மயக்கித் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். வயலில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று வேளாண் நூல்களே கணக்குச் சொல்லும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறும் பூக்காவடிகளில் ஆடுகிற பூக்களின் உறவு, இங்கே புழக்கடையில் காவல் நிற்கிறது.

செடி முழங்கால் உயரம் வந்ததும் கம்பு நட்டுக் கட்ட வேண்டும். எதனால் கட்டுவது? நெசவு ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தார்க் குச்சியில் மிச்சம் நின்ற நூல், பாவு அறுத்தபோது விழுந்த நுனி என்று ஒரு கூடை நிறைய இருக்கும். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து நீலம், அரக்கு. அத்தை நாலு இழையைச் சேர்த்து முறுக்கி, கம்பில் ஒரு சுற்று, நடுவில் ஒரு பின்னல், செடியில் ஒரு தளர்ந்த சுற்று என்று எட்டு வடிவில் முடிவார். கம்பைச் சுற்றியது இறுக்கம், தண்டைச் சுற்றியது தாராளம். குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கட்டும்போது ஒரு விரல் நுழைய இடம்விடுவோமே, அந்த அளவு. யாரோ ஒரு மணப்பெண்ணின் சேலையில் ஓடிய அதே நூல், ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு ஒரு தக்காளிச் செடியைத் தாங்கி நிற்பதைப் பார்க்கையில் மனசு இளகும்.

*

தக்காளிப் பூவை யாரும் தலையில் சூடுவதில்லை, சாமிக்கும் சாத்துவதில்லை. அதனாலேயே அது பார்வைக்குத் தப்பிவிடுகிறது. கார்த்திகையில் ஒருநாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் பாருங்கள். ஐந்தாறு கூர்மையான மஞ்சள் இதழ்கள் பின்னோக்கி வளைந்திருக்கும். நடுவே மகரந்தப் பைகளெல்லாம் தோளோடு தோள் ஒட்டி ஒரு கூம்பாகி, தரையைப் பார்த்துத் தொங்கும். கோயில் விமானத்தைத் தலைகீழாய்ப் பிடித்த மாதிரி ஒரு பொற்கூம்பு. சூல்முடி அதற்குள் மறைந்திருக்கிறது, மகரந்தமும் உள்ளேதான். கதவைச் சாத்திக்கொண்டு கலியாணம் நடத்தும் குடும்பம் இது.

ஆனால் கதவைத் தட்ட ஒருவர் வேண்டும். காற்று ஆட்டினாலும் போதும். கருவண்டோ, வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு தேனீயோ வந்தால் இன்னும் சிறப்பு. அது பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கி, சிறகை விரிக்காமலே உடம்பை மட்டும் அதிரவைக்கும். அப்போது ‘ஙீ...’ என்று உயர்ந்த சுருதியில் ஓர் ஓசை எழும். அந்த அதிர்வில் மகரந்தம் பொடியாய் உதிரும். வண்டு வராத நாளில் அத்தையே வண்டாவார். காலை பத்து மணிவாக்கில், பனி உலர்ந்தபின், கட்டிய நூலை ஆள்காட்டி விரலால் ஒரு சுண்டு. பாவு நூலைச் சுண்டி விறைப்புப் பார்க்கிற அதே சுண்டல். எதிர்வெயிலில் அந்தக் கணம் மட்டும் தெரியும், ஊசிமுனை அளவு மஞ்சள் புகை. பிறகு ஒன்றும் நடக்காததுபோலப் பூ தலைகுனிந்துகொள்ளும்.

இரண்டு நாளில் இதழ் வாடிச் சுருங்க, உள்ளிருந்து கடுகளவு பச்சை முத்து எட்டிப் பார்க்கும். அதன் காம்பைக் கவனியுங்கள். நடுவழியில் ஒரு கணு, விரல் முட்டிபோல லேசாய் மடங்கி. பழுத்த நாளில் அந்தக் கணுமேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ‘பட்’டென்று பழம் கையோடு வந்துவிடும். கிள்ளவோ முறுக்கவோ தேவையில்லை. எங்கே பிரிய வேண்டும் என்பதைப் பூவாக இருந்தபோதே செடி குறித்து வைத்திருக்கிறது.

*

காய், செங்காய், பழம். தமிழ் இந்த மூன்று படி வைத்தது எவ்வளவு நுட்பம்! காய்க்கும் பழத்துக்கும் நடுவே நின்று தயங்கும் அந்த ஓரிரு நாளுக்கென்றே ஒரு சொல். முற்றிய காய் முதலில் வெளுக்கும். பிறகு ஒரு காலையில், பழத்தின் அடியில், பூ உதிர்ந்த தழும்பைச் சுற்றி வெட்கப்பட்டதுபோல ஒரு சிவப்புத் தீற்றல். அங்கிருந்துதான் நிறம் மேலேறும். எப்போதும் அடிவாரத்தில் தொடங்கி உச்சியை நோக்கி. திருத்தணி மலைக்கு ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள். டிசம்பர் 31 அன்று படித் திருவிழாவில் பஜனைக் குழுக்கள் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவார்கள். அத்தையின் பழமும் அந்த வாரத்தில்தான் தன் படிகளில் ஏறிக்கொண்டிருக்கும். உச்சியில் காம்படிப் பச்சை, அடியில் செம்மை, நடுவே பாடிக்கொண்டு ஏறும் நிறம்.

இதற்கு மார்கழியின் குளிர் வேண்டும். சிவப்புக்குக் காரணமான லைக்கோபீன் மிதமான வெப்பத்தில்தான் செழிக்கும். வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி நின்றால் அது முடங்கி, மஞ்சள் நிறமி மட்டும் மிஞ்சும். ‘திருத்தணியில் வெயில் சதம்’ என்று கோடைதோறும் செய்தி வாசிக்கிற வட்டாரத்தில், சித்திரைத் தக்காளி ஆரஞ்சு முகத்தோடு நிற்பது அதனால்தான். கடைத்தெருப் பழத்துக்கு இந்தக் காத்திருப்பு வாய்ப்பதில்லை. மதனப்பள்ளியிலிருந்து திருப்பதி, புத்தூர், நகரி, திருத்தணி வழியே சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரவெல்லாம் தக்காளி லாரிகள் ஓடும். நெடுந்தூரம் போகிற பழம் நசுங்காமலிருக்க வேண்டுமென்றால் செங்காயிலேயே பறித்துப் பெட்டியில் அடுக்கியாக வேண்டும். அந்தப் பழம் வழியில் பழுக்கிறது. இந்தப் பழம் தாயின் காம்பில் பழுக்கிறது. கையில் வாங்கினாலே கனத்தில் தெரியும்.

இப்போது மறுபடி தோளுக்கு வருவோம். வணிகக் கண்ணுக்குப் பச்சைத் தோள் ஒரு குறை. காம்பிலிருந்து அடிவரை ஒரே சீராகச் சிவக்கும் பழத்தைத்தான் பெட்டிக்காரர்கள் விரும்பினார்கள்; எப்போது பறிக்கலாம் என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம், அடுக்கினாலும் ஒரே நிறம். உலகெங்கும் சுமார் 70 ஆண்டுகளாக இனப்பெருக்க வல்லுநர்கள் அந்தச் சீர்நிறத்தைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு அந்தச் சீர்நிறத்தின் ரகசியத்தை அவிழ்த்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தாரும் வேறு சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. பழத்தின் பசுங்கணிகங்களைப் பெருக்குகிற ஒரு மரபணு, ஜி.எல்.கே.2 என்று பெயர், சீர்நிறப் பழங்களில் முடங்கிக் கிடந்தது. அது வேலை செய்கிற பழத்தில்தான் தோள் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சை இலையைப் போலவே வெயிலை வாங்கிச் சர்க்கரை சமைக்கும். அதை முடக்கியபோது நிறம் சீரானது. இனிப்பில் கொஞ்சம் கூடவே போய்விட்டது.

ஆக, அந்தப் பச்சை வளையம் பழம் தன் தலையிலேயே வைத்திருந்த அடுப்பு. கடைசிவரை அணையாமல் எரிந்து, மற்ற பாகமெல்லாம் சிவந்து முடித்தபின்தான் அது ஓய்கிறது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியாக இலைபோடும் ஒருத்தியை நீங்களும் அறிவீர்கள். அத்தைக்கு ஜி.எல்.கே.2 தெரியாது. தோள் பச்சையாய் இருந்த செடியின் பழம் ரசத்தில் தித்திக்கும் என்று மட்டும் தெரியும்.

*

குறுக்கே அரிந்து பாருங்கள், நெடுக்கே வேண்டாம். நெடுக்கே அரிந்தால் பழத்தின் கட்டடம் தெரியாது. குறுக்கே அரிந்த வட்டத்தில் அறை அறையாகச் சுவர் எழுப்பியிருப்பது தெரியும். வழவழப்பான பெங்களூர்ப் பழத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று அறைகள், தடித்த சுவர். மடிப்பு விழுந்த நாட்டுப் பழத்தில் அறைகள் அதிகம், சுவர் மெலிது, ஒன்றுக்கொன்று அளவு ஒவ்வாமல். கூட்டுக்குடும்பத்து வீடுபோல, பிள்ளை பெருகப் பெருகத் தடுத்துக்கொண்ட அறைகள். ஒவ்வொன்றிலும் பச்சையும் பொன்னும் கலந்த கண்ணாடிக் கூழ். கூழுக்குள் விதைகள் மிதந்தபடி உறைந்திருக்கும். அந்தக் கூழைச் சமையலில் வழித்து எறிபவர்கள் பழத்தின் நாவையே அறுத்தெறிகிறார்கள். புளிப்பும், நாக்கின் பின்பக்கம் நின்று நிறைக்கும் அந்தத் தனிச்சுவையும் கூழில்தான் செறிந்திருக்கின்றன.

அத்தை கத்தி எடுப்பதே அபூர்வம். ரசத்துக்கென்றால் ஈயச்சொம்பின் வாய்மேல் பிடித்து ஒரே பிழி. தோல் கையில், சாறு சொம்பில். எல்லை ஊர் என்பது இங்கே தட்டில் தெரியும். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1இல், ம.பொ.சி. முதலானோரின் நெடிய போராட்டத்துக்குப் பிறகு. அடுப்புக்கு அந்தக் கோடு தெரியாது. ஒரு நாள் தக்காளி ரசம், மறுநாள் துவரம்பருப்போடு கடைந்த தக்காளிப் பப்பு. பழுக்கத் தயங்கும் கடைசிக் காய்களில் பச்சடி, அதில் வறுத்த வேர்க்கடலை. கேழ்வரகுக் களிக்குக் குழி பறித்து ஊற்றத் தக்காளிக் கடைசல். தமிழில் தாளித்துத் தெலுங்கில் பரிமாறினாலும் பழம் ஒன்றும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் முன்னால், ஒவ்வொரு செடியிலும் இரண்டாம் கொத்தின் முதல் பழம் யாருக்கும் கிடையாது. அதன் காம்பில் ஒரு அரக்கு நூல் கட்டியிருக்கும். தோள் நல்ல பச்சையாக, வெடிப்பில்லாமல், உட்கார்ந்தால் உருளாமல் இருக்கிற பழம். செடியிலேயே தோல் தளரும்வரை விட்டு, பிறகு பறித்து, கூழோடு விதையை ஒரு கிண்ணத்தில் வழித்து, கொஞ்சம் நீர் விட்டு இரண்டு மூன்று நாள் மூடி வைப்பார். லேசாய்ப் புளித்து மேலே ஏடு படியும். விதையை முளைக்கவிடாமல் பிடித்திருந்த வழுவழுப்பு அதில் கரைந்துவிடும். நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும்.

கழுவிய விதைகளை அத்தை ஒரு துண்டுத் துணியில் பரப்புகிறார். ஈரத்தில் மங்கலாய்க் கிடந்தவை உலர உலர நிறம் வெளுத்து, மேலெல்லாம் பட்டுப்போன்ற மெல்லிய மயிர் எழுகிறது. தக்காளி விதைக்கு மேனியில் ரோமம் உண்டு. கண்ணருகே கொண்டுபோனால்தான் தெரியும். நான் துணியை வெயில் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன். தறியிலிருந்து அறுத்த ஒரு சேலையின் ஓரம். சந்தன நிற உடல், பச்சைக் கரை. விதைகள் சந்தனத்தில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிரண்டு மட்டும் நகர்ந்துபோய்ப் பச்சையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

“அதை எடுக்காதே கண்ணு, அங்கியே காயட்டும்” என்கிறார் அத்தை. உள்ளே தறி கூப்பிடுகிறது.